குடியிருப்புக் காணிக்குப் பேர்மிட் (அரச காணி அனுமதிப்பத்திரம்) கோரும் மனு

பிரதேச செயலாளர் அவர்கள்,
வவுனியா மாவட்டம்.

ஐயா,

முன்னைய விண்ணப்பங்களுக்குப் பதில் கிடைக்காமை தொடர்பாக

எங்கள் குடியிருப்பைத் தாங்கள் அறிவீர்கள். போன மாரியில் குளக்கட்டு கசிந்தபோது நேரில் வந்து பார்த்தீர்கள். அங்கே முதன்முதலில் காடு வெட்டியவர்களில் ஒருவரான என் தகப்பனாரின் காணி பற்றிப் பணிவுடன் அறியத்தருவது:

1. 1977 கலவரத்தில் தோட்டத்து லயம் எரிய, மலையகத்திலிருந்து அகதியாக வந்தவர் அப்பா. அகதிகளைக் குடியேற்றிய காந்தீயம் அமைப்பின் உதவியோடு சில குடும்பங்கள் இங்கே குடியேறின. தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி மட்டுமே பிடித்துப் பழகியவர் பாலை மரத்தையும் வீரை மரத்தையும் வெட்டிச் சாய்த்தார். யானைக்கும் மலேரியாவுக்கும் தப்பிய ஆட்கள்தான் மாரியம்மனுக்குக் கல் நட்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கொட்டிலும் போட்டார்கள்.

2. 1983 ஏப்ரலில் காந்தீயத் தலைவர்கள் கைதானார்கள். அவர்களில் ஒருவரான டாக்டர் ராஜசுந்தரம் ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அதன்பின் எங்களுக்காகக் கந்தோர் ஏற ஆள் இல்லை.

3. "ஏன் அந்தக் காலத்திலேயே விண்ணப்பிக்கவில்லை?" என்று கேட்கிறார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அப்பாவை நாடற்றவராக்கியது. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு யார் ஐயா பேர்மிட் கொடுத்திருப்பார்கள்? 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அவர் இந்த நாட்டுப் பிரஜையானார். விண்ணப்பித்த பிறகு யுத்தம். 2009இல் உடுத்த உடுப்போடு மெனிக் பாம் முகாமுக்குப் போனோம். ஷொப்பிங் பையில் சுற்றி வைத்திருந்த கடிதங்கள் எந்தப் பதுங்குகுழியில் கிடக்கின்றனவோ! இப்போது "பழைய ஆதாரம் கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். ஆதாரம் காணியிலேயே நிற்கிறது. அப்பா வெட்டிய கிணற்றுக் கட்டின்மேல், சீமெந்து காயமுன் ஆணியால் கீறிய 1979 இன்றும் தெரிகிறது. அவர் வைத்த தென்னைகளுக்கு அண்ணாந்து பார்க்க வேண்டும். கிணற்றைக் கந்தோருக்குத் தூக்கி வரவா?

4. பேர்மிட் இல்லாததால் வீட்டுத்திட்டத்தில் பெயர் இல்லை. வங்கிக் கடன் இல்லை. எங்களுக்குப் பின் வந்தவர்கள் கல்வீட்டில் இருக்க, அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த மனிதர் தகரக் கொட்டிலில் படுத்திருக்கிறார். மழை பெய்தால் ஒழுக்கு எங்கே என்று பார்த்துக் கட்டிலை இழுக்கிறோம். பக்கவாதம் வந்த உடம்பு, ஐயா. ஒவ்வொரு இழுவைக்கும் முனகுகிறார்.

5. காணிக் கச்சேரி (காணி விசாரணைக் கூட்டம்) வைப்பதாகச் சொன்னார்கள். வைக்கவில்லை. நடமாடும் சேவையில் மனுவை வாங்கிச் சீல் குத்தினார்கள். அந்தச் சீலைத்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

6. தயவுசெய்து பேர்மிட் தாருங்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் பெயரிலேயே தாருங்கள். இறந்த பிறகு பின்னுரித்து (வாரிசுரிமை) என்று எங்களை அலைக்கழிக்க வேண்டாம்.

காணி உத்தியோகத்தரை ஒருமுறை அனுப்பி, கிணற்றையும் எல்லை வேலியையும் பார்வையிடச் செய்யுமாறு மன்றாடுகிறேன். வரும் திகதியைக் கிராம அலுவலர் மூலம் முன்கூட்டியே அறிவித்தால், அயலில் உயிரோடு இருக்கும் பழைய ஆட்களையும் சாட்சிக்கு வைத்திருப்பேன். அப்பாவுக்கு இப்போது கையெழுத்து வராது. கைரேகை எடுக்க மைப்பெட்டி கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரரின் மகள்
(ஒப்பம்)