லீசிங் கம்பனிக்கு நீ எழுத வேண்டிய கடிதம்

களுவாஞ்சிக்குடி

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கதைத்ததிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. மோட்டார் சைக்கிள் லீசிங் தவணை மூன்று மாதம் பிந்தியதைவிட, மாத முடிவுக்குள் 40,000 கட்டுகிறேன் என்று போனில் ஒத்துக்கொண்டாயே, அதுதான் என்னை வாட்டுகிறது. உன் சம்பளத்தில் அது எங்கிருந்து வரும்? கம்பனிக்காரன் சத்தம் போட்டதும் வாயில் வந்த தொகையைச் சொல்லியிருக்கிறாய்.

எனக்கும் இப்படி நடந்தது. 2017-ல் நாங்கள் ஐந்து பேர் குழுவாகக் கிழமைக் கடன் எடுத்தோம். கட்ட முடியாமல் போன நேரம் காசு சேர்க்க வருகிற தம்பி போன் எடுத்து, "அக்கா, இந்தக் கிழமை 3,000 கட்டுங்கோ, தண்டப்பணத்தை நான் வெட்டிவிடுறன்" என்றான். தோட்டை அடகு வைத்துக் கட்டினேன். அடுத்த மாதம் அவனுக்கு இடமாற்றம். புதிதாக வந்தவர் முற்றத்தில் நின்றபடியே கொப்பியை விரித்துக் காட்டினார். தண்டப்பணம் அப்படியே கிடந்தது. "யார் சொன்னது, எப்ப சொன்னது?" என்று கேட்டார். நான் என்னத்தைக் காட்ட?

பிறகு உன் மாமிதான் அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதித் தந்தார். கடன் இலக்கம், காசு கட்டிய திகதிகள், தண்டப்பணம் எந்தக் கணக்கில் வந்தது என்ற கேள்வி, கிழமைக்கு என்னால் எவ்வளவு முடியும் என்பது. அழுகையும் கோபமும் ஒரு வரிகூட இல்லை. பதிவுத் தபாலில் போட்டேன். தபால் கந்தோரில் தந்த துண்டு இன்றைக்கும் பிஸ்கட் டின்னுக்குள், கடிதப் பிரதியோடு சேர்த்துக் குத்தியபடி இருக்கிறது. இரண்டு கிழமையில் கணக்கு விபரம் வந்தது. தண்டப்பணம் முழுதும் போகவில்லை, ஆனால் எது எதற்கு என்று கண்ணால் பார்த்தேன்.

அதற்காகப் போனை நிறுத்தி வைக்காதே. ஒளிகிறாய் என்று நினைத்து வேலை இடத்துக்கே வருவார்கள். எடு. பெயரைக் கேள், நிலுவை எவ்வளவு என்று கேள், நேரத்தோடு குறித்துக்கொள். அப்புறம், "எழுத்தில அனுப்புங்கோ, நானும் எழுத்தில பதில் தாறன்" என்று சொல்லி வை. தொகை ஒன்றும் வாயால் சொல்லாதே.

எழுதும்போது தொகையில் கவனம், மகன். போனில் சொன்னதை அவன் இல்லையென்பான். கையெழுத்து வைத்ததை நீ இல்லையென்ன முடியாது. 15,000 தான் முடியும் என்றால் அதையே எழுது, தவறாமல் கட்டி ரிசிட்டை வாங்கு. கடிதம் போய்வரும்வரை வட்டி நிற்காது. தமிழிலேயே எழுது, அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது.

பதில் தராவிட்டால் மத்திய வங்கியில் முறையிடலாம், போன் இலக்கம் 1935. முதலில் கம்பனிக்கு முறையிட்டாயா என்று அங்கே கேட்பார்கள். அதற்கும் இந்தக் கடிதம்தான் வேண்டும்.

இன்றிரவே எழுது. தொகையை எழுதாமல் இடம் விட்டு, வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பு. மாமியும் நானும் உன் வரவு செலவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம், பிறகு தபாலில் போடு.

அம்மா