அமைதியும் இருட்டும் கிடைக்கும் என்றீர்கள்: எங்கள் இரண்டு இரவுகள் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: விளம்பரத்தில் சொன்னபடி விடுதி இல்லாதது, இரண்டு இரவுகளுக்கான கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருவது

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த அமாவாசையை ஒட்டி இரண்டு இரவுகள் உங்கள் இயற்கை விடுதியில் குடும்பத்தோடு தங்கினோம். நான், மனைவி, 9 வயது மகள், 72 வயதான என் அம்மா என நான்கு பேர். முன்பதிவு எண்ணும் ரசீதும் உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த மின்னஞ்சலும் இத்துடன் இணைப்பில் உள்ளன.

அமாவாசை தற்செயலாக அமைந்த நாள் அல்ல. அம்மா சிறுமியாக இருந்தபோது வீட்டுக்குப் பின்னால் இருந்த புதர்களில் மின்மினிகள் மொய்த்துக் கிடக்குமாம். என் மகள் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. "பாட்டி, கையில பிடிச்சா சுடாதா?" என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீயே பிடிச்சுப் பாரு" என்று அம்மா சொல்லி வைத்திருந்தார். உங்கள் விளம்பரத்தில் "முழு அமைதி, முழு இருட்டு, மின்மினிகளோடு ஓர் இரவு" என்று இருந்தது. அதை நம்பித்தான் நிலா இல்லாத இரவுகளாகப் பார்த்து விடுமுறை எடுத்தேன்.

நம்பியதோடு விடவில்லை, கேட்டும் தெரிந்துகொண்டேன். பணம் கட்டும் முன் உங்கள் அலுவலகத்துக்கு போன் செய்து மூன்று விஷயங்கள் கேட்டேன்: இரவில் ஜெனரேட்டர் ஓடுமா, வெளியே பெரிய விளக்குகள் எரியுமா, பாட்டுக் கச்சேரி, விருந்து போன்றவை நடக்குமா? மூன்றுக்கும் "இல்லை சார்" என்றார்கள். எழுத்தில் அனுப்பச் சொன்னேன், அதையும் அனுப்பினார்கள். அந்த மின்னஞ்சல்தான் இணைப்பில் முதலாவது.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று மணி நேரம் என்று நீங்கள் எழுதியிருந்த வழி எங்களுக்கு ஆறு மணி நேரம் எடுத்தது. கடைசி 8 கிலோமீட்டர் ஜல்லி பெயர்ந்த பாதை. காரின் அடிப்பாகம் இரண்டு இடத்தில் கல்லில் உரசியது, ஒரு டயர் பஞ்சர். சிக்னல் இல்லாத இடத்தில் ஸ்டெப்னி மாற்றும்வரை அம்மா சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். தாழ்வான கார்களுக்கு ஏற்ற பாதை இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் வேறு வண்டியில் வந்திருப்போம். இருந்தாலும் இதற்காக மட்டும் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். காட்டுப் பாதை அப்படித்தான் இருக்கும் என்று சமாதானமாகிக்கொண்டோம்.

இரவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் காட்டேஜுக்குப் பின்னால், நான் அடி வைத்து அளந்தவரை 15 மீட்டர் தூரத்தில், தகரக் கூரைக்கு அடியில் ஒரு டீசல் ஜெனரேட்டர் இருந்தது. பக்கச் சுவர் கிடையாது, ஒலியை அடக்கும் கூண்டும் கிடையாது. மாலை ஆறரைக்கு ஓடத் தொடங்கியது விடிகாலை ஐந்து வரை நிற்கவில்லை. அம்மா கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி மர மேஜையில் விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. மனைவி எழுந்து அதன் அடியில் கைக்குட்டையை மடித்து வைத்தாள். ஜன்னலருகே போனில் அளந்தபோது 60 டெசிபலுக்கு மேல் காட்டியது. போன் செயலி துல்லியமானது அல்ல, சரி. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், உறங்கும் நேரத்தில் வீட்டுக்கு வெளியே சத்தம் சராசரியாக 40 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒவ்வொரு 10 டெசிபல் கூடும்போதும் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். செயலி கொஞ்சம் முன்னே பின்னே காட்டியிருந்தாலும் அங்கே யாரும் தூங்கியிருக்க முடியாது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். அதே இயந்திரத்தை 120 மீட்டர் தள்ளிக் கூண்டுக்குள் வைத்திருந்தால் தவளைச் சத்தமாவது எங்களுக்குக் கேட்டிருக்கும்.

அந்த ஜெனரேட்டர் எதற்கு ஓடியது என்பதுதான் எனக்கு இன்னும் பெரிய வருத்தம். புல்வெளியைச் சுற்றி ஆறு கம்பங்களில் வெள்ளை ஃபிளட்லைட்டுகள். இரவு முழுக்க எரிந்தன. இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு 20 முதல் 30 நிமிடம் வேண்டும். நடுவில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பால்வீதியைப் பார்க்க வந்த நாங்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய நட்சத்திரங்களைத்தான் பார்த்தோம். இன்று உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாங்கள் வசிக்கும் இடத்திலிருந்து பால்வீதியைப் பார்க்க முடியாது என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. அந்த மூன்றில் ஒரு பங்கில் இருப்பவர்கள்தான் உங்களைப் போன்றவர்களிடம் வருகிறோம்.

மின்மினிகளுக்கு இது இன்னும் மோசம். பல வகைகளில் ஆண் பறந்துகொண்டே மின்னும், புல்லில் இருக்கும் பெண் அதைப் பார்த்துப் பதிலுக்கு மின்னும். அப்படித்தான் அவை ஜோடி சேர்கின்றன. மேலே வெள்ளை விளக்கு எரிந்தால் அந்தப் பதில் கண்ணில் படாது. வளர்ந்த பூச்சியின் ஆயுள் பெரும்பாலும் சில வாரங்கள்தான். அதற்குள் ஜோடி கிடைக்காவிட்டால் அடுத்த பருவத்துக்குப் பூச்சியே குறையும். எதைக் காட்டுவதாகச் சொல்லி விருந்தினரை அழைக்கிறீர்களோ, அதையே அந்த ஆறு விளக்குகளும் அழித்துக்கொண்டிருக்கின்றன. தயவுசெய்து இதை யோசியுங்கள்.

இரண்டாம் நாள் ஒரு பெரிய குழு வந்தது. இரவு பன்னிரண்டரை வரை ஸ்பீக்கரில் பாட்டு. அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, இடம் கொடுத்தது நீங்கள். வரவேற்பறையில் போய்க் கேட்டதற்கு, "லீவு நாளில் கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்று பதில் வந்தது. மின்னஞ்சலைக் காட்டினேன். அதை அனுப்பியது அலுவலகம், தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள்.

அன்று இரவு இரண்டு மணிக்கு அம்மா தூக்கம் வராமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, இரவுக் காவலர் ஒருவர் என்ன விஷயம் என்று விசாரித்தார். அம்மா சொன்னார். அவர் எதுவும் பேசாமல் போய், எங்கள் பக்கத்து இரண்டு விளக்குகளை அணைத்தார். நான் மகளை எழுப்பிக் கூட்டி வந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேலியோரம் ஒன்று மின்னியது, அப்புறம் இன்னொன்று. மூன்றாவது அம்மாவின் சால்வையில் வந்து உட்கார்ந்தது. மகள் ஒரு விரலை மெல்ல அதன் மேல் வைத்தாள். "பாட்டி, சுடவே இல்ல" என்றாள். அம்மா அழுதார்.

கால் மணி நேரத்தில் வாக்கிடாக்கியில் யாரோ அதட்டி, விளக்குகளை மறுபடி போடச் சொன்னார்கள். அந்தக் காவலர் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எழுதித் தந்த வாக்கை அந்த விடுதியில் மதித்தவர் அவர் ஒருவர்தான்.

இரண்டு இரவுகளுக்கான கட்டணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள். ஜெனரேட்டரைத் தள்ளி வைத்துக் கூண்டு அமைக்கும்வரை, விளக்குகளை மாற்றும்வரை, "முழு அமைதி, முழு இருட்டு" என்ற வரியை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். விளக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயதானவர்கள் நடக்கும் பாதையில் வெளிச்சம் வேண்டும். முழங்கால் உயரத்தில், மேலே மூடி போட்டு, தரையை மட்டும் பார்க்கும் மஞ்சள் விளக்கு போதும். ஆள் வரும்போது மட்டும் எரியும்படி வைத்தால் பேட்டரியிலேயே ஓடிவிடும், ஜெனரேட்டருக்கும் வேலை குறையும். கடைசி 8 கிலோமீட்டர் பாதை எப்படி இருக்கும் என்பதையும் முன்பதிவுப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் இதே ஆவணங்களோடு நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பில் புகார் கொடுப்பேன்.

அடுத்த வருடமும் போகலாமா என்று மகள் கேட்கிறாள். விளக்குகளை மாற்றிவிட்டால் சொல்லுங்கள், கட்டாயம் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: மின்னஞ்சல் நகல், ரசீது, ஜெனரேட்டர் மற்றும் விளக்குக் கம்பங்களின் படங்கள்