குக்கர் வேண்டாம், பாப்பா

பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். ஆடிக் காற்று புழுதியை வாரி வீட்டுக்குள் கொட்டுகிறது, வேறொன்றும் விசேஷமில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. நியூ ஜெர்சியில் பண்ணைக் கடையில் இளசாக வாங்கின மக்காச்சோளக் கதிரை உப்புப் போட்டு குக்கரில் நாலு விசில் விட்டாயாமே! பையன் ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டான் என்றால் அவனைத் திட்டாதே.

நாலு விசில் கணக்கெல்லாம் நம்ம காட்டுக் கதிருக்கு. பெரம்பலூர்ப் பக்கம் நாம் போடுவது தீவன மக்காச்சோளம், நாமக்கல் கோழிப்பண்ணைக்குப் போகிற சரக்கு. பால் பிடித்த பருவத்தில் ஒடித்தால்தான் மனுசன் வாய்க்கு ஆகும். கொஞ்சம் தள்ளிப்போனால் முழுக்க மாவு, குக்கரை விட்டால் வழியில்லை. அங்கே நீ வாங்குவது ஸ்வீட் கார்ன். முத்துக்குள் இருக்கிற சர்க்கரை சீக்கிரம் மாவாக மாறாத ஜாதி அது. பச்சையாகவே தின்னலாம். அதை அடுப்பில் வைப்பது சூடேற்றத்தான், வேகவைக்க இல்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

முதலில் வாங்குகிற விஷயம். நாங்கள் அங்கே வந்திருந்தபோது பார்த்தேன், ரோட்டோரப் பண்ணைக் கடையில் ஆளாளுக்குக் கதிரை உரித்து உரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுகிறார்கள். உரித்ததைப் போட்டால் அடுத்தவன் வாங்குவானா? உரிக்காமலே தெரியும். மடல் பச்சையாக, இறுக்கமாக இருக்கணும். நுனியில் தொங்குகிற நூல் பழுப்பேறி, லேசாகப் பிசுபிசுக்கணும்; கறுத்து ஊறிப் போயிருந்தால் பழசு. மடலுக்கு மேலேயே கட்டை விரலால் நுனிவரை தடவிக்கொண்டு போ. முத்து வரிசை நெருக்கமாகத் தட்டுப்படும், பொக்கை இருந்தால் விரல் உள்ளே இறங்கும். ஒரு நூலுக்கு ஒரு முத்து என்பது செடியின் கணக்கு. எந்த நூலில் மகரந்தம் விழவில்லையோ, அந்த முத்து பிடிக்காது. அதனால்தான் சில கதிரில் நுனி மொட்டையாக நிற்கிறது. ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கவலைப்படாதே.

இன்று காலையில் ஒடித்ததா என்று கேட்டு வாங்கு. ஒடித்த நிமிஷத்திலிருந்து இனிப்பு குறைய ஆரம்பிக்கிறது, வெயிலில் இன்னும் வேகமாகக் குறையும். புது ரகங்கள் சில நாள் தாங்கும், பழைய ரகத்தில் ஒரே நாளில் இனிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். காரில் போட்டுவிட்டு வேறு கடை கடையாகச் சுற்றாதே. வீட்டுக்கு வந்ததும் மடலோடு ஃப்ரிட்ஜில் வை. உரிப்பது சமைக்கிற நேரத்தில்.

சமையல் என்று பெரிசாக ஒன்றுமில்லை. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் கதிரைப் போடு, நாலு நிமிஷத்தில் எடுத்துவிடு. தண்ணீரில் உப்பு வேண்டாம். முத்துக்கு மேலே தோல் இருக்கிறது, நாலு நிமிஷத்தில் உப்பு எங்கே உள்ளே போகும்? எடுத்த சூட்டில் வெண்ணெய் தடவி, அதன் மேல் உப்பைத் தூவு, ஒட்டிக்கொள்ளும். உனக்கு மட்டும் ஒரு கதிர் போதும் என்கிற நாளில் மாப்பிள்ளை செய்கிற மைக்ரோவேவ் வித்தைதான் நல்லது. மடலோடு நாலு நிமிஷம் வைத்து, துணியால் பிடித்துக்கொண்டு, காம்புப் பக்கம் முத்து தொடங்குகிற இடத்தில் குறுக்கே வெட்டி, நுனியைப் பிடித்து அழுத்தினால் கதிர் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. ஒரு நூல்கூட ஒட்டுவதில்லை! எனக்கு அது பிடித்துப் போய்விட்டது.

சுட்டுத் தின்ன ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. மெரினாவில் தணலை விசிறி விசிறிச் சுடுகிறார்களே, அது முற்றின கதிர், தாங்கும். உன் கதிரில் தண்ணீரும் சர்க்கரையும் அதிகம். தீயில் அப்படியே காட்டினால் உள்ளே சூடேறுமுன் மேலே கருகும், முத்து வெடித்து முகத்தில் தெறிக்கும். வெளி மடலை எடுத்துவிட்டு உள் மடல் ஒன்றிரண்டோடு கிரில்லில் போட்டுத் திருப்பிக்கொண்டே இரு. கடைசியில் மடலை விலக்கி, அங்கங்கே புள்ளி விழுகிற அளவுக்குச் சூடு காட்டினால் போதும்.

காரத்துக்கு மிளகாய்ப்பொடியும் உப்பும் கலந்து, அரை மூடி எலுமிச்சையை அதில் ஒற்றி, சூட்டோடு தேய். எலுமிச்சை முதலில் சாறு விடட்டும், பொடி தானாகப் பிடிக்கும். குழம்பு மிளகாய்த்தூளைத் தொடாதே. மல்லி வாசம் வந்தால் சோள வாசம் போயிற்று. உங்கள் தெருமுனை மெக்சிகோக் கடையில் மயோனைஸும் சீஸும் பூசிக் கொடுத்தார்களே, அவர்களும் கடைசியில் எலுமிச்சையும் மிளகாயும்தான் சேர்க்கிறார்கள். சோளமும் மிளகாயும் அவர்கள் மண்ணில் விளைந்து, பல நூறு வருஷத்துக்கு முன் கப்பலேறி நம்மிடம் வந்தவை. எலுமிச்சை ஆசியாவிலிருந்து அங்கே போனது. கொடுக்கல் வாங்கல் சரியாகத்தான் நடந்திருக்கிறது.

மீந்த கதிரை அப்படியே வைக்காதே, முத்தைச் சீவிவிடு. கடுகு, உளுந்து, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, முத்தைப் போட்டு இரண்டு புரட்டு, அடுப்பை அணை. தேங்காய்த் துருவலும் பொடியாய் நறுக்கின மாங்காயும் அதற்கப்புறம். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, சீவின தக்கையைத் தூக்கிப் போடாமல் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரில் சூப் வைக்கச் சொல் என்கிறாள். ஃப்ரிட்ஜில் கிடந்து இனிப்புப் போன கதிர் என்றால், ஊறின பச்சரிசி, பச்சைமிளகாய், இஞ்சியோடு கொரகொரப்பாக அரைத்து, சின்ன வெங்காயம் போட்டு அடை தட்டச் சொல்கிறாள். இதில் அவள் சொல்வதே சரி, நான் தலையிடவில்லை.

நம்ம காட்டில் புரட்டாசி மழைக்கு விதைக்கணும். 2018-இல் படைப்புழு வந்ததிலிருந்து குருத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பதே ஒரு வேலையாகிவிட்டது. மருந்துச் செலவு வேறு. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மாப்பிள்ளையின் சிநேகிதர் அடுத்த மாதம் அங்கே வருகிறார் என்றாயே, தேதி சொல்லு. வரமிளகாய் வாங்கிக் காயவைத்துத் தனியாக அரைத்து, மல்லி கலக்காமல் கொடுத்தனுப்புகிறேன். பையனுக்கு மட்டும் அதைத் தேய்த்துவிடாதே, வெண்ணெயும் உப்பும் போதும்.

அப்பா