விற்றமின் போத்தல்

அன்புள்ள தம்பி,

போன் எடுத்தால் 'வேலையில் நிற்கிறேன் அப்பா' என்கிறாய். அதனால் எழுதுகிறேன். அம்மா சுகம். மற்றப் புதினங்களை அவவே சொல்லுவா.

'அவர் ஃபியூச்சர் ஹெல்த்' என்று இந்த யூகே முழுக்க நடக்கிற மருத்துவ ஆய்வுக்கு 50 லட்சம் பேரைச் சேர்க்கிறார்கள். 18 வயது தாண்டிய யாரும் போகலாம். கொஞ்ச ரத்தம் எடுப்பார்கள், பிரஷரும் கொலஸ்ட்ரோலும் அங்கேயே பார்த்துச் சொல்லுவார்கள். நீ கட்டாயம் சேர வேண்டும்.

நான் 2009இல் லண்டன் ஹவுன்ஸ்லோவில் இதேபோல 'யூகே பயோபேங்க்' என்ற முந்தின ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தேன். கையால் இறுக்க ஒரு கருவி, ஊத ஒரு குழாய், பிறகு குப்பி குப்பியாக ரத்தம். ஐந்து லட்சம் பேர் கொடுத்தோம். அதில் நூற்றுக்கு 94 பேர் வெள்ளைக்காரர். எங்கள் ஆட்களுக்கு மெலிந்த உடம்பிலேயே சீனி வருத்தம் வருகிறது. பரம்பரையா, சோறா, இந்த ஊர் வாழ்க்கையா என்று பிரித்தறிய எங்கள் ரத்தமும் வேண்டாமா? எங்கள் வீட்டின் முதல் எஞ்சினியர் நீ, உனக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் பிரஷர் பார்க்க உனக்கு அரை மணித்தியாலம் கிடைப்பதில்லை.

பொங்கலுக்கு வந்தபோது சாப்பாட்டுக்கு நடுவில் நாலு தரம் எழும்பித் தண்ணீர் குடித்தாய். பெல்ட்டில் கத்தியால் குத்தின புது ஓட்டை. 'ஜிம் போகிறேன்' என்றாய். சரி. கட்டாயம் சேர், தம்பி.

ஹவுன்ஸ்லோவில் தொடுதிரை ஒன்று கேட்டது: தகப்பனுக்கு என்ன வருத்தம், எத்தனை வயதில் இறந்தார்? சீனி, மாரடைப்பு, 63 என்று அமத்தினேன். உனக்கு நாங்கள் சொன்னது வேறு. 95 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்த களையில் அப்பப்பா போய்விட்டார் என்றோம். நடந்தது உண்மை. ஆனால் அவருக்கு அதற்கு முதலே வலது காலில் இரண்டு விரல் இல்லை. அப்போது அத்தைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். வருத்தக்காரக் குடும்பம் என்று பெயர் வரக்கூடாதென்று மறைத்தோம். மறைத்தது அப்படியே பழகிப்போய்விட்டது.

அலுமாரியில் என் விற்றமின் போத்தலுக்குள் இருப்பது மெட்ஃபோர்மின், சீனி வருத்தக் குளிசை. 2012இலிருந்து போடுகிறேன். அம்மாவுக்குத் தெரியும். முன்பின் தெரியாத ஒரு திரைக்கு உண்மை சொன்ன நான், அதே ரத்தம் ஓடுகிற உனக்குச் சொல்லவில்லை.

ஆய்வு பிறகு பார்க்கலாம். இந்தக் கிழமையே டொக்டரிடம் போய், சீனி பார்க்க வேண்டும் என்று வாய் திறந்து கேள். தண்ணீர் விடாய், மெலிவு, அப்பப்பா, நான், எல்லாம் சொல்லு. எந்த நாள் என்று அம்மாவுக்கு மெசேஜ் போடு. நானும் வந்து வெளியில் இருக்கிறேன்.

அப்பா