இரண்டாவது கேமரா பாடி வாங்கும் முன் அம்மா சொல்வது

அன்பு மகனுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் நிக்கான் எஃப்எம்2-ஓடு இரண்டாவதாக ஒரு ஃபிலிம் பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா மட்டும், வாங்கப் போவதாக நீ எழுதியிருந்ததை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "முதல் கேமராவில் எடுத்த ரோலே கழுவாமல் கிடக்கும், இரண்டாவது எதற்காம்?" என்றார். அவர் பேச்சு உனக்குத் தெரியும். ஆனாலும் அந்த "எதற்கு" என்ற கேள்வியை நானும் கேட்கத்தான் போகிறேன். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்தப் பாடி என்பது முக்கால்வாசி முடிவானது மாதிரி.

ஒரே நேரத்தில் கலர் ஒன்றிலும் கருப்பு வெள்ளை இன்னொன்றிலும் போட்டுக்கொள்ள வேண்டுமா? 35 எம்எம் லென்ஸை ஒன்றில், 105 எம்எம் லென்ஸை இன்னொன்றில் மாட்டி, வேலை நடுவே லென்ஸ் மாற்றாமல் எடுக்க வேண்டுமா? இல்லை, ஒன்று மக்கர் செய்தால் கைகொடுக்க இன்னொன்று வேண்டுமா? நீ எழுதியதைப் பார்த்தால் முதல் இரண்டும்தான் உனக்குத் தேவை என்று தெரிகிறது. வெயிலில் ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணர்திறன் எண்) 100 கலர் ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள் 400 தேவைப்பட்டால், பாதி ரோலைச் சுருட்டி எடுத்து, எத்தனையாவது ஃபிரேமில் நிறுத்தினோம் என்று எழுதி வைத்து, பிறகு திரும்பப் போட்டு லென்ஸ் மூடியோடு அத்தனை ஃபிரேமையும் ஓட்டும் பாடு எனக்கும் தெரியும். அதிலிருந்து தப்பிக்க இரண்டு பாடி வேண்டும் என்றால் அது ஆடம்பரம் இல்லை.

அப்படியென்றால் நீ யோசிக்கும் கேனான் ஏஇ-1 வேண்டாம்டா. 1976-இல் வந்த நல்ல கேமரா, பார்க்கவும் அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது எஃப்டி மவுண்ட், லென்ஸ் மாட்டும் வாயே வேறு. உன்னிடம் இருக்கும் ஒரு லென்ஸும் அதில் உட்காராது. இன்னொரு லென்ஸ் குடும்பத்தையே வளர்க்க வேண்டியிருக்கும். படம் எடுக்கையில் உள்ளே இருக்கும் கண்ணாடி (மிரர்) அடிக்கும்போது இருமுவது போலக் கீச்சென்று சத்தம் வரும் ஏஇ-1 நிறைய உண்டு. உள்ளே எண்ணெய் வறண்டதன் அடையாளம் அது. பேட்டரி போனால், ஃபிலிமில் ஒளி விழத் திறந்து மூடும் ஷட்டரும் போச்சு. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பெரிய தொல்லை கையில்தான் வரும். நிக்கான் லென்ஸை மாட்டும் திசையும் கேனான் லென்ஸை மாட்டும் திசையும் எதிரெதிர், ஃபோகஸ் வளையமும் அப்படியே. இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு மாற்றி மாற்றி எடுத்துப் பார், அவசரத்தில் விரல் தப்பான பக்கம்தான் திருகும்.

நிக்கான் எஃப்3 பற்றிக் கேட்டாய். 1980-இல் வந்தது, உழைப்புக்கு அஞ்சாதது, வியூஃபைண்டரில் படம் முழுசாகத் தெரியும். கனம்தான் யோசிக்க வைக்கிறது. ஃபிளாஷ் போட்டால் ஷட்டர் வேகம் 1/80 விநாடிக்கு மேல் போக முடியாது. உன் எஃப்எம்2-க்குப் பழகிய கைக்கு அது வேறு வீடு. நிக்கானின் ஆட்டோஃபோகஸ் எஃப்100-உம் உன் கைக்கு ஒத்துவரும் என்று உன் நண்பன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். நல்ல பாடிதான், கையால் ஃபோகஸ் செய்யும் உன் மேனுவல் லென்ஸ்களும் அதில் ஒளி அளக்கும் மீட்டரோடு வேலை செய்யும். ஆனால் நீ ஆட்டோஃபோகஸ் லென்ஸ் ஒன்றுகூட வைத்திருக்கவில்லையே. பழைய எஃப்100-களில் பின்மூடி ரப்பர் பிசுபிசுவென்று கையில் ஒட்டும், அதையும் பார்த்துக்கொள்.

என் யோசனை நிக்கான் எஃப்இ2. உன் எஃப்எம்2 1982, இது 1983. ஒரே வயிற்றுப் பிள்ளைகள். எடை அது 540 கிராம், இது 550. ஷட்டர் டயல் அதே இடத்தில், லீவர் அதே இழுப்பு, ஃபிலிமைத் தானே ஓட்டும் எம்டி-12 மோட்டார் ஒன்றே இரண்டுக்கும் பொருந்தும். வித்தியாசம் உள்ளேதான். உன்னுடையதில் வெளிச்சம் கூடவா குறைவா என்று காட்ட கூட்டல், சுழி, கழித்தல் என்று மூன்று சிவப்பு விளக்கு எரியும். இதில் முள் இருக்கும், எவ்வளவு கூடுதல் எவ்வளவு குறைவு என்று ஒரு பார்வையில் தெரியும். டயலை ஏ-யில் (ஆட்டோ) வைத்துவிட்டால் நீ அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பளவை, மட்டும் பார்த்துக்கொள்ளலாம், ஷட்டரை அது பார்த்துக்கொள்ளும். 8 விநாடி வரை நீளும், உன்னுடையது 1 விநாடியோடு நின்றுவிடும். வெளிச்சம் ஓடி ஓடி மாறும் இடத்தில் இதை எடு, நின்று நிதானித்து எடுக்கும்போது அதை எடு.

எலக்ட்ரானிக் ஷட்டர் ஆயிற்றே, சர்க்யூட் போனால் என்ன செய்வது என்று நீ கேட்பாய். போனால் சரிசெய்வது சிரமம்தான், மறைக்கவில்லை. அதற்குத்தான் பக்கத்தில் எஃப்எம்2 இருக்கிறதே, அதன் ஷட்டருக்குப் பேட்டரியே வேண்டாம். இரண்டும் சாப்பிடுவது அதே இரண்டு எல்ஆர்44 பட்டன் செல். வழியில் செல் தீர்ந்து எஃப்இ2 படுத்துவிட்டால் எஃப்எம்2-இன் செல்லைக் கழற்றி அதில் போடு. எஃப்எம்2-ஐ மீட்டர் இல்லாமல் ஓட்ட உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: நல்ல வெயிலில் அப்பெர்ச்சர் 16, ஐஎஸ்ஓ எண்ணுக்குப் பக்கத்து ஷட்டர். செல்லே கிடைக்காவிட்டால் எஃப்இ2-உம் ஷட்டர் டயலை எம்250-இல் வைத்தால் 1/250-இல் மட்டும் அடிக்கும்.

2001-இல் வந்த நிக்கான் எஃப்எம்3ஏ இந்த இரண்டையும் ஒரே பாடியில் சேர்த்துவிட்டது. அது கிடைத்தால் ஆசைப்படலாம், ஆனால் விலை கேட்டதும் ஆசை போய்விடும். 1977-க்கு முந்தின, ஏஐ (அப்பெர்ச்சர் அளவை மீட்டருக்குச் சொல்லும் நிக்கானின் அமைப்பு) அல்லாத லென்ஸ் ஏதாவது கைக்கு வந்தால் மட்டும் கவனம்: அதை எஃப்எம்2-இலோ எஃப்இ2-இலோ அழுத்தி மாட்டாதே, மவுண்ட்டைச் சுற்றியுள்ள சின்ன நாக்கு உடையும். அப்பெர்ச்சர் எண்கள் இரண்டு வரிசையாக இருந்தால் அது ஏஐ, பயமில்லை. பழைய எஃப்இ-யில் அந்த நாக்கை மடக்கிக்கொள்ளலாம்.

இப்போது பார்த்து வாங்குவது பற்றி. வெளியே கீறல், பெயின்ட் உதிர்ந்து பித்தளை தெரிவது, இதெல்லாம் குற்றமில்லை. அடிமூடியைத் திறந்து செல் இருக்கும் இடத்தில் பச்சை பூத்திருக்கிறதா பார். மிரர் மோதும் பஞ்சைக் குச்சியால் மெதுவாகத் தொடு, தார் மாதிரி ஒட்டினால் மாற்ற வேண்டும். அது சின்ன வேலை, அதற்காகப் பாடியை வேண்டாம் என்று சொல்லாதே. ஷட்டர் திரையில் விரல் படக் கூடாது, காகிதத்தை விட மெல்லிசு. திரை தட்டையாக இருக்கிறதா, மடங்கிச் சொட்டை விழுந்திருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பார்.

எஃப்இ2-இல் ஒரு சூட்சுமம் உண்டு, தெரியாதவர்கள் நல்ல கேமராவையே கெட்டது என்று திருப்பிக் கொடுப்பார்கள். பின்மூடியைத் திறந்தால் எத்தனையாவது ஃபிரேம் என்று காட்டும் எண்ணி 1-க்கும் பின்னால் போய்விடும். 1 வரும் வரை எந்த வேகத்தில் வைத்தாலும் அது 1/250-இல்தான் அடிக்கும். "ஒரு விநாடி வைத்தேன், டக்கென்று மூடுகிறதே" என்று பதறாதே. மூடியைச் சாத்தி, லீவரை ஓட்டி எண்ணியை 1-க்குக் கொண்டு வந்த பிறகே மெதுவான வேகங்களைக் காதால் கேட்டுச் சோதி. உன் எஃப்எம்2-ஐயும் கூடவே எடுத்துக்கொண்டு போ. ஒரே லென்ஸை இரண்டிலும் மாட்டி, ஒரே சுவரைப் பார்க்கவைத்து மீட்டர் ஒத்துப்போகிறதா பார். அரை ஸ்டாப் (ஸ்டாப் என்றால் ஒளியை இரட்டிப்பாக்கும் அல்லது பாதியாக்கும் ஒரு படி) முன்பின் இருந்தால் கவலை வேண்டாம்.

வேகமான ஷட்டரைக் காதால் சோதிக்க முடியாது, ஃபிலிம்தான் சொல்லும். ஐஎஸ்ஓ 100 கருப்பு வெள்ளை போட்டு, வெயில் படும் வெற்றுச் சுவரை 1/125-இல் அப்பெர்ச்சர் 16, 1/250-இல் 11, 1/500-இல் 8, 1/1000-இல் 5.6, 1/2000-இல் 4, 1/4000-இல் 2.8 என்று எடு. ஆறு நெகட்டிவும் ஒரே கருமையாக இருக்க வேண்டும். கடைசி இரண்டு வெளிறிப் போனால் ஷட்டர் குறித்ததை விட வேகமாக ஓடுகிறது. மேலோ கீழோ ஒரு நீளப் பட்டை மட்டும் வெளுத்தால் இரண்டு திரையும் சமமாக ஓடவில்லை, சர்வீஸ் செய்துதான் ஆக வேண்டும். அதனால் திருப்பிக் கொடுக்க நாலு நாளாவது அவகாசம் தருபவரிடம் வாங்கு.

வாங்கியதும் இரண்டு பாடியின் வாரிலும் வேறு வேறு நிறத்தில் டேப் ஒட்டிவிடு, கலர் எதில், கருப்பு வெள்ளை எதில் என்று குழம்பாது. அந்த ஆறு நெகட்டிவையும் வெட்டாமல் அனுப்பு, நானும் ஒரு பார்வை பார்க்கிறேன். கழுவாமல் கிடக்கும் பழைய ரோலையும் அதோடு சேர்த்துக் கழுவக் கொடுத்துவிடு, அப்பா வாயை அடைக்க எனக்கு ஒரு சாக்கு வேண்டும்.

அன்புடன்,
அம்மா