டிவியில் வராதவள் எழுதுகிறேன்

அன்புள்ள வ.,

முழுப்பெயர் போடவில்லை. இங்கே யார் யார் படிக்கிறார்கள் என்று எனக்கே சரியாகத் தெரியாது. உன் நாத்தனார் படிக்கிறார் என்று மட்டும் தெரியும். வணக்கம் அக்கா.

உன் அப்பாவின் காரியத்துக்கு நான் வந்தபோது காபி கொடுத்துக்கொண்டே என் முன்னால் வந்து நின்றாயே, "இவ கெட்டிக்காரி, இவ டிவியிலயே வரல" என்று. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பாதிப் பேருக்கு விஷயம் என்ன என்றே தெரியாது. நானும் சிரித்து வைத்தேன். ரயில் ஏறி விழுப்புரம் தாண்டும்வரைக்கும் அதையே மென்றுகொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் நீ என்னிடம் அதைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. அதையும் ஐம்பது பேர் நடுவில், காபி டம்ளரோடுதான் சொல்ல வேண்டுமா?

நீ பொதுவில் சொன்னதால் நானும் பொதுவில் எழுதுகிறேன். கணக்கு சரிதானே.

97 ஜனவரி, திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை. யார் வீட்டில் என்ன பொய் சொன்னோம், யாருடைய செயினை அடகு வைக்கப் பார்த்தோம் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன், உனக்குத் தெரியாததா. நம்முடன் வந்த ஐந்தாவது ஆளைப் பற்றியும் எழுதப் போவதில்லை. அவர் இப்போது நல்லபடியாக இருக்கிறார், இரண்டு பிள்ளைகள், அவ்வளவுதான் இங்கே சொல்லலாம்.

அந்த விடியற்காலை பஸ்தான் எனக்கு இப்போதும் அப்படியே இருக்கிறது. சுவாமிமலை, கபிஸ்தலம் என்று காவிரியை ஒட்டியே போகும் சோழன் பஸ். ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டு தைமாதப் பனி முழுக்க நம் மூஞ்சியில்தான். நாம் நாலு பேரும் வீட்டு ஆட்கள் யாரும் இல்லாமல் வெளியூர் போவது அதுதான் முதல் தடவை. பட்டப்பெயரே போதும்: ஹாஸ்டல்காரிக்கு வாந்தி வந்தது. நெட்டச்சி பயத்தில் கந்தசஷ்டிக் கவசம் சொன்னாள். நீ மட்டும் மடியில் பஞ்சரத்தினப் புத்தகத்தை (தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகள், ஒவ்வொன்றும் ஒரு ராகம்) வைத்துக்கொண்டு, பஸ் லைட் வெளிச்சத்தில் எனக்கு வராளி ராகத்தில் இருப்பதைச் சொல்லிக்கொடுத்தாய். வராளியை நேரே உட்கார வைத்துச் சொல்லித்தரக் கூடாது, குருவுக்கும் சிஷ்யைக்கும் மனஸ்தாபம் வந்துவிடும் என்பார்களாம். நீயே சொல்லிச் சிரித்துவிட்டு, "நீ என்ன சிஷ்யையா, தாளம்கூட வராத ஜன்மம்" என்று பாடிக்காட்டினாய். எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பலித்துவிட்டது, பார்.

அந்தப் புத்தகம் ஞாபகம் இருக்கிறதா? தெலுங்கு வார்த்தைகளைத் தமிழில் அச்சடித்து, ஒவ்வொரு க, த, ப தலையிலும் சின்னதாக 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள். எனக்கு அது ஏதோ அல்ஜீப்ரா மாதிரி இருந்தது. என்னை நீ அழைத்துப் போனதே அதைப் பிடித்துக்கொள்ளத்தான். உனக்குப் பார்க்காமலே பாட வரும், ஆனால் பக்கத்தில் யாராவது வேண்டும். சரி, அந்த வேலையை நான் ஒழுங்காகத்தான் செய்தேன்.

திருவையாற்றில் இறங்கியதும் நாம் நினைத்ததுக்கும் கண்ணால் பார்த்ததுக்கும் சம்பந்தமே இல்லை. கச்சேரி என்றால் மேடை, டிக்கெட், முன்வரிசை சோபா என்றுதான் எனக்கு எண்ணம். இங்கே ஆற்றங்கரை, கீற்றுப்பந்தல், தரையில் விரிப்பு. தியாகராஜர் 1847-இல் சமாதியானவர், அந்த வருடத்தோடு 150 ஆண்டு ஆகியிருந்தது. நிற்க இடமில்லாத கூட்டம். ஆனால் யாரும் யாரையும் தள்ளவில்லை. கேசட் அட்டையில் மட்டும் பார்த்த முகங்கள் நமக்கு மூன்று கை தள்ளிச் சம்மணம் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் இங்கே சன்மானம் கிடையாது, பெரிய வித்வானானாலும் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும், பாடிவிட்டு எழுந்து போக வேண்டியதுதான் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. நடுவில் வழி விட்டு ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எதிரும் புதிருமாக வரிசை. அந்த வரிசையில் போய் நீ உட்கார்ந்தாய். யாரும் உன்னை எழுப்பவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம்.

நான் பின்னால் உட்காரலாம் என்று சொன்னேன். இதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. மூங்கில் கால் பக்கத்தில் நல்ல இடம் இருந்தது, காட்டினேன். "பாட வந்துட்டு பந்தக்காலைக் கட்டிக்கவா" என்றாய்.

ஐந்தில் நாட்டை ராகப் பாட்டு முடிந்தது, கௌளை முடிந்தது. சமாதிக்குள் அபிஷேகம் நடந்துகொண்டிருக்கிறது, பால் வாசனையும் கற்பூர வாசனையும் கலந்து வருகிறது. ஆரபி ஆரம்பித்தது. அது நீளமானது. ஒவ்வொரு சரணமும் ஸ்வரமாக ஒரு முறை, வார்த்தையாக ஒரு முறை என்று ஓடி, கடைசியில் ஒரே சின்ன வரிக்குத் திரும்பும். அந்த வரிக்கு வரும்போதெல்லாம் அத்தனை பேரும் ஒன்றாக வந்து இறங்குவார்கள். இரண்டாவது முறை இறங்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, மூன்றாவது முறை நானும் வாயசைத்தேன். அப்போதுதான் அந்த கேமராக்காரர் வந்தார். தோளில் தூரதர்ஷன் கேமரா, பின்னால் ஒரு பையன் கேபிளைப் பாம்பு மாதிரி சுருட்டிப் பிடித்துக்கொண்டு. நடு வழியில் மெதுவாக, ஒவ்வொரு முகமாக. முன்னால் சின்னதாகச் சிவப்பு விளக்கு.

அது நேரடி ஒளிபரப்பு என்று நமக்கு நன்றாகத் தெரியும். வருடா வருடம் நம் வீடுகளில் உட்கார்ந்து பார்ப்பதுதானே.

நான் உன் தாவணியைப் பிடித்து இழுத்தேன். நீ தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கையால் என் கையைத் தட்டிவிட்டாய். அப்புறம் அடுத்த தட்டைச் சரியாகப் போட்டாய், ஒரு எண்ணிக்கைகூடத் தவறவில்லை. நான் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக் குனிந்துகொண்டேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். கேமரா உன் முன்னால் நின்றது. மற்ற எல்லாரிடமும் இருந்ததைவிட அதிக நேரம் நின்றது. நீ அதைப் பார்த்தாய், வ. கண்ணை மூடிக்கொள்ளவில்லை, தலையைத் திருப்பவில்லை, நேராகப் பார்த்துப் பாடினாய். மூக்குத்தி பளிச்சென்று இருந்தது. அவ்வளவு அழகாக உன்னை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, உன் கல்யாணத்திலும் பார்க்கவில்லை.

நான் குனிந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமா? பல தடவை யோசித்துவிட்டேன். கேட்கிறேன் என்றே வைத்துக்கொள். ஆனால் நீ குனிந்திருந்தாலும் எனக்கு ஒன்றும் குறைந்திருக்காது, நான் நிமிர்ந்திருந்தாலும் உனக்கு ஒன்றும் கூடியிருக்காது. இரண்டு பேரும் மாட்டியிருப்போம், அவ்வளவுதான். மாயவரத்து அத்தை உன் வீட்டுக்குப் போன் போட்டது நல்ல மனசோடுதான். "அண்ணே, நம்ம பொண்ணு டிவியில பாடறா" என்று சந்தோஷத்தில் கத்தினாராமே. கல்லூரியில் பிராக்டிகல் எழுதிக்கொண்டிருக்க வேண்டிய பெண்.

ஸ்ரீராகம் முடிந்து வெளியே வந்ததும் நாகரத்தினம்மாள் சமாதிக்கு அழைத்துப் போனாய். தியாகராஜரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் சிலை. பெங்களூர் நாகரத்தினம்மாள் தேவதாசி மரபில் வந்தவர், பாடிச் சம்பாதித்ததையும் நகைகளையும் போட்டு 1920-களில் இந்தக் கோயிலை எழுப்பினார், ஆனாலும் ஆண்கள் கட்சி கட்டிக்கொண்டு சண்டை போட்ட அந்தக் காலத்தில் பெண்களுக்கு இங்கே பாட இடம் இல்லை, பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாகப் பாடினார், 1940 வாக்கில் எல்லாரும் ஒன்றான பிறகுதான் நிலைமை மாறியது என்று மளமளவென்று சொன்னாய். 1952-இல் அவர் போனதும் இங்கேயே சமாதி வைத்தார்கள் என்றும் சொன்னாய். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "இந்த அம்மா இல்லைனா இன்னிக்கு நான் அந்த வரிசையில உக்காந்திருக்க முடியாதுடி" என்றாய்.

அப்படிச் சொன்னவள்தானே நீ?

அப்புறம் என்ன ஆனாய்? பாட்டு வகுப்பை நிறுத்தினது அப்பா. இன்று அவர் இல்லை, அவரைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆவணியில் கல்யாணம் வைத்ததும் பெரியவர்கள். ஆனால் அதற்குப் பிறகு மறுபடி தொடங்காதது யார்? புகுந்த வீட்டில் யாராவது பாடாதே என்று சொன்னார்களா? (அக்கா, நான் குற்றம் சொல்லவில்லை, கேள்வி அவளுக்குத்தான்.) உன் பெண்ணுக்குக் கீபோர்டு வகுப்பு, பையனுக்கு டிரம்ஸ் வகுப்பு. உன் வீட்டில் ஒரு தம்பூராப் பெட்டிகூட இல்லை. நான் எப்போது பாடச் சொன்னாலும் "குரல் போயிடுச்சு" என்பாய். குரல் போகவில்லை. காரியத்தன்று மாடியிலிருந்து சமையல்காரரைக் கூப்பிட்டாயே, தெரு முழுக்கக் கேட்டது.

நீ பாடாமல் இருப்பதே எனக்குச் சொல்லும் பதில் என்று சில நாள் தோன்றும். அப்படியில்லை என்றும் சில நாள் தோன்றும். நான் என்ன அவ்வளவு முக்கியமான ஆளா?

அன்று சாயங்காலம் நான் ஸ்டாண்டுக்கு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டேன். வீடு அங்கேதான், வேறு காரணம் இல்லை. ஸ்டாண்டில் அப்பா டிவிஎஸ் 50-யோடு நின்றதை நான் பார்க்கவில்லை. "ஏறு" என்று மட்டும் சொன்னார் என்று ஹாஸ்டல்காரிதான் அப்புறம் சொன்னாள். யாருடன் போனாய் என்று வீட்டில் எத்தனை முறை கேட்டிருப்பார்கள், நீ யார் பெயரையும் சொல்லவில்லை. நாங்கள் மூன்று பேரும் எதுவும் நடக்காத மாதிரி பரீட்சை எழுதினோம். நான் எம்.ஏ. சேர்ந்தேன், சென்னைக்கு வேலைக்கு வந்தேன். என் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. அம்மா, இதைப் படித்தால் உடனே போன் போடாதே. ஆமாம், நானும்தான் போனேன்.

உன் பையில் எனக்காக ஒரு பொட்டலம் இருந்ததும் ஹாஸ்டல்காரி சொல்லித்தான் தெரியும். திருவையாற்றில் வாங்கின அசோகா அல்வா. பாசிப்பருப்பு, நெய், அந்த ஆரஞ்சு நிறம். கடையில் சூடாக இலையில் வைத்துக் கொடுத்தபோது நான்தான் இன்னும் வேண்டும் என்று ஆசைப்பட்டேன், காசு இல்லை. நீ எப்படியோ வாங்கியிருக்கிறாய். நான் முன்னாடியே இறங்கிப்போனதால் கொடுக்க முடியவில்லை. அதை என்ன செய்தாய்? இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

சரி, எழுத வந்த விஷயம். இந்த வருடம் நான் போகிறேன். பிள்ளைகள், வீட்டுக்காரர் யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மயிலாப்பூரில் ஒரு டீச்சரிடம் பஞ்சரத்தினம் கற்றுக்கொண்டு வருகிறேன், சிரிக்காதே. நாட்டையும் ஆரபியும் பரவாயில்லை என்கிறார். கௌளை உருப்படாது என்று நேரடியாகவே சொல்லிவிட்டார். வராளியை அவரும் சொல்லித்தர மறுத்துவிட்டார், யூடியூபைக் கேட்டுப் பாடம் பண்ணச் சொன்னார்.

அப்பா இறந்த வருடமாயிற்றே, எப்படி வருவது என்று சொல்வாய். கல்யாணமான பெண்ணுக்குத் தீட்டு மூன்று நாள்தான் என்று அன்று உங்கள் வீட்டுப் பெரியவர்களே சொன்னார்கள், நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பெற்ற பெண்ணுக்கு மூன்று நாள் என்று வைத்தவர்களை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நமக்கு உபயோகமாக இருக்கிறது.

நெட்டச்சி துபாயிலிருந்து வர முடியாது. ஹாஸ்டல்காரி வருகிறாள், வாந்தி மாத்திரையோடு. எங்கே உட்காருவது என்பதை அங்கே போய்ச் சண்டை போட்டுக்கொள்ளலாம். ஆராதனை நடக்கும் பஞ்சமிக்கு முதல் நாள் தஞ்சாவூரில் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு, நான் இரண்டு கட்டில் உள்ள அறை ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறேன். மூன்றாவது ஆளுக்குத் தனியாகப் படுக்கை வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்கிறார்கள். வாட்சப் குரூப்பில் போடாதே. எனக்குப் போன் பண்ணு.