முதல் கதையை எழுதி வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

ஒரு சிற்றிதழுக்கு வரும் கதைகளை முதலில் படித்துப் பார்க்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். சம்பளம் கிடையாது, விடவும் மனசில்லை. உங்களில் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் கதையோடு நீங்கள் இணைத்து அனுப்பும் கடிதங்கள் எனக்கு நன்றாகப் பழக்கம். "எனக்கு இலக்கியம் அவ்வளவாகத் தெரியாது", "என் தமிழ் சுமார்தான்", "எங்கள் ஊரில் எழுத என்ன இருக்கிறது?" என்று ஆள் மாற்றி ஆள் எழுதுகிறீர்கள். அவற்றைப் படித்துப் படித்துத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கதை அனுப்பியிருந்தார். மும்பையில் ஓர் அடுக்குமாடி வீடு, கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே மழை, பிரிந்துபோன காதலன். நடையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மும்பையில் ஒரு தெருப் பெயர் இல்லை, ஒரு ரயில் சத்தம் இல்லை. மூன்றாம் பக்கத்தில் கதாநாயகிக்குத் திடீரென்று அம்மா ஞாபகம் வருகிறது. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சிகளை மருந்தில் முக்கும் வேலை பார்த்தவள். கடைசிப் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது மட்டும் கரண்டியைத் தேடுவாள். எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலிலிருந்து மருந்து வாடை போகாது. பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இவ்வளவுதான், இரண்டு வரி. அப்புறம் கதை மறுபடியும் மும்பை மழைக்குப் போய்விட்டது.

மும்பையை விட்டுவிடுங்கள், அந்தக் கரண்டியிலிருந்து தொடங்குங்கள் என்று அவருக்கு எழுதினேன். "இதையெல்லாம் யார் சார் படிப்பாங்க?" என்று பதில் வந்தது.

நான் படிப்பேன் அம்மா. என்னைப் போல ஆயிரம் பேர் படிப்பார்கள். ஜன்னலோர மழையை எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்தக் கரண்டியைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் எழுதாமல் போனால் அது உங்களோடு போய்விடும்.

உங்கள் ஊருக்கு வெகு தூரம் இல்லை, கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல். அந்தச் சின்னக் கிராமத்தில் கூடவே வளர்ந்த இரண்டு நண்பர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அழகிரிசாமி மறைந்த 1970-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அவருக்கு வந்தது. 1991-இல் கி.ரா.வுக்கு. ஒரே கிராமத்துக்கு இரண்டு விருது. விருதை விடுங்கள், கி.ரா. பெரிய படிப்புப் படித்தவர் அல்லர், விவசாயி. முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் கதை எழுத வந்தார். கரிசல்காட்டுச் சம்சாரிகள், அதாவது விவசாயிகள், பேசுகிற பேச்சை அப்படியே கதைக்குள் கொண்டுவந்தார். அதோடு நிற்காமல் அந்தச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியே போட்டார். "எங்கள் ஊரில் எழுத என்ன இருக்கிறது" என்று அவர் நினைத்திருந்தால் நமக்கு எவ்வளவு நஷ்டம்!

தமிழ் சுமார் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தேங்காய்ப்பட்டணத்து தோப்பில் முகம்மது மீரான் பள்ளியில் படித்தது மலையாளத்தில். பிழைப்பு மிளகாய் வற்றல் வியாபாரம். தன் கடலோர ஊர் மக்களின் பேச்சை விடாமல் தமிழில் எழுதி, 1997-இல் அதே விருதை வாங்கினார். ஒற்றுப்பிழையைத் திருத்த எங்களைப் போல ஆட்கள் இருக்கிறோம். நீங்கள் பார்த்ததை நீங்களே எழுதாமல் விட்டால், அதை யாராலும் திருத்தித் தர முடியாது.

அப்படியானால் சொந்த வாழ்க்கையைத்தான் எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். அப்படி ஒரு சட்டமும் இல்லை. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி நாவல் எழுத அங்கேயே போய் அவர்களோடு பேசிப் பழகினார். அடுத்தவர் படும் பாட்டை எழுதுவதென்றால் அந்த மரியாதையைச் செய்ய வேண்டும். வீட்டிலிருந்தபடியே இரக்கப்பட்டு எழுதுகிற கதைகள் எனக்கு வாரா வாரம் வருகின்றன. அவற்றில் ஏழைகள் எல்லாரும் ஒரே மாதிரி அழுகிறார்கள். உப்பளத்தில் வேலை பார்க்கிறவர் சிரிக்கவும் செய்வார், சீட்டுப் பணத்துக்குச் சண்டையும் போடுவார். பக்கத்தில் போய் நின்றால்தான் அது தெரியும்.

உணர்ச்சியோடு எழுதுவது என்றால் ஒரே மூச்சில் கொட்டிவிடுவது என்று பலர் நினைக்கிறீர்கள். கொட்டுங்கள், முதல் பிரதிக்கு அது சரி. எழுத்து மேல் உள்ள ஆசை எவ்வளவு என்பது அதற்கப்புறம்தான் தெரியும். சிறுகதை எழுத்தாளர் கு.ப. ராஜகோபாலனுக்குக் கண்புரையால் பார்வை போனது. வேலையை விட வேண்டிவந்தது. கதையை விடவில்லை. அவர் சொல்லச் சொல்ல, தங்கை சேது அம்மாள் எழுதிக்கொடுத்தார். அந்தத் தங்கையும் பின்னாளில் எழுத்தாளரானார். 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, எண்பத்தைந்து வயதை ஒட்டி, 1997-இல், மூன்று பாக நாவல் ஒன்றைத் தானே வெளியிட்டார். அடுத்த வருடம் மறைந்தார். அந்த நாவலுக்கு விருது வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. விருது வரும் என்று எதிர்பார்த்து எண்பது வயதுக்கு மேல் யாரும் அத்தனை பக்கம் எழுத மாட்டார்கள்.

உங்களிடம் நான் கேட்பது அந்த அளவுக்கு இல்லை. எழுதியதை ஒரு வாரம் மூடி வையுங்கள். அப்புறம் எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் அம்மாவோ அண்ணனோ பேசவே மாட்டாத ஒரு வசனம் வந்தால் நாக்கு தானாக இடறும். அதை அடியுங்கள். எங்கேயோ படித்த வரி மாதிரி இருந்தால், அழகாக இருந்தாலும் அடியுங்கள். எழுதக் கூச்சமாக இருந்து பாதியில் நிறுத்திய இடம் ஒன்று இருக்கும்; அங்கே இன்னும் இரண்டு பக்கம் எழுதுங்கள். பெரும்பாலும் கதை அங்கேதான் கிடக்கிறது. எத்தனை பேர் லைக் போட்டார்கள் என்று பார்ப்பதை இதெல்லாம் முடிகிற வரைக்கும் தள்ளி வையுங்கள்.

பிறகு அனுப்புங்கள். திரும்பி வந்தால் ஒரு நாள் வருத்தப்படுங்கள், அதில் தப்பில்லை. சிற்றிதழ்கள் எல்லாம் இரண்டு மூன்று பேர் சொந்த வேலைக்கு நடுவே நடத்துபவை; பதில் தாமதமாகத்தான் வரும். அதுவரை சும்மா இருக்காமல் அடுத்த கதையைத் தொடங்கிவிடுங்கள்.

சாத்தூர்த் தங்கைக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் இரண்டாம் பிரதி இன்னும் வரவில்லை. எவ்வளவு நாளானாலும் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்